முதலிடமும் சாட்சியமும்

கடைவீதியில் எல்லா இடமும் ஒன்றல்ல. நாற்சந்தியைப் பார்த்து நிற்கும் கடைக்கு ஒரு வாடகை; சந்துக்குள் ஒதுங்கி நிற்கும் கடைக்கு வேறொரு வாடகை. மூலைக் கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்து அந்த இடத்தைப் பிடித்தார் என்பதற்காக அவரை யாரும் பழிப்பதில்லை. வாங்க வருபவரும், மூலைக் கடையில் இருப்பதனாலேயே அச் சரக்கு உயர்ந்தது என்று எண்ணி ஏமாறுவதில்லை. இடத்துக்குக் கொடுத்த விலை இடத்தோடு நின்றுவிடுகிறது. சரக்கின் தரத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

இனி வேறொன்றை எண்ணிப் பார்ப்போம். ஊருக்குப் புதியவர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரை அணுகி, இவ்வூரில் நல்ல வைத்தியர் யார் என்று கேட்கிறார். பெரியவர் ஒரு பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயரை முதலில் சொல்வதற்காக அவ் வைத்தியரிடம் அவர் பணம் பெற்றிருந்தால், அதை நாம் வாடகை என்று சொல்வோமா? மாட்டோம். அது சாட்சியத்துக்குப் பெற்ற கூலி. பெயர் சொல்லப்பட்ட வைத்தியர் உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம். அப்போதும் அக் கூலியின் கறை நீங்காது. கேட்டவர் நம்பியது பெரியவரின் நடுநிலையை. விற்கப்பட்டதும் அதுவே.

இன்று உலகின் பெரும்பாலான மக்கள் தங்கள் ஐயங்களையும் தேவைகளையும் தேடுபொறியிடம் கேட்கிறார்கள். கேட்ட சொல்லுக்கு விடையாக ஒரு வரிசை வருகிறது. அவ் வரிசையின் தலைப்பில் உள்ள சில இடங்கள் ஏலத்தில் விற்கப்பட்டவை. அந்த முதலிடம் கடைவீதியின் மூலைக் கடையா, திண்ணைப் பெரியவரின் சொல்லா? இந்த வினாவுக்கு விடை கண்டால்தான், அந்த ஏலம் எந்த அளவில் ஆகுமானது, எங்கே வரம்பு கடக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

ஏலம் வந்த வழி

1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் 'கோடூ' என்னும் தேடுபொறியை மக்கள் முன் வைத்தார். அதற்கு முன்னும் இணையத்தில் விளம்பரங்கள் உண்டு. ஆயினும் அவை நாளிதழ் விளம்பரம் போல, இத்தனை ஆயிரம் பேர் கண்ணில் பட்டால் இவ்வளவு என்று விலை பேசப்பட்டவை. கிராஸ் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தார். தேடுகிறவர் விளம்பரத்தைச் சொடுக்கி வணிகரின் பக்கத்துக்குச் சென்றால் மட்டுமே கட்டணம் என்பது ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி ஏலம், அதிகம் கேட்டவர் மேலே, குறைத்துக் கேட்டவர் கீழே என்பது மற்றொன்று. இதைவிட வியப்பானது, ஒவ்வொருவரும் ஒரு சொடுக்குக்கு எவ்வளவு தர ஒப்பியிருக்கிறார் என்ற தொகையையும் அவர் வரிசையில் வெளிப்படையாகக் காட்டியது. பலர் முகஞ்சுளித்தனர். ஆனால் அவருடைய முறையே நிலைத்தது. 2001-இல் 'ஓவர்ச்சர்' என்று பெயர் மாறிய அந் நிறுவனத்தை 2003-இல் யாஹூ விலைக்கு வாங்கியது.

அதே 1998-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செர்கே பிரின், லாரி பேஜ் என்னும் இரு மாணவர்கள் தங்கள் புதிய தேடுபொறியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினர். விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி, தேடுவோரின் தேவையை விட்டு விளம்பரம் தருவோரின் பக்கமே இயல்பாகச் சாயும் என்று அதன் பின்னிணைப்பில் எச்சரித்தனர். அவர்கள் நிறுவிய கூகுள் 2000-ஆம் ஆண்டில் விளம்பரம் விற்கத் தொடங்கியது. 2002-இல் சொடுக்குக்கு விலை வைக்கும் ஏலத்துக்கு மாறியது. இதை எள்ளி நகையாடுவதற்காக இங்கே குறிக்கவில்லை. தேடுவோரிடம் காசு வாங்காமல் இவ்வளவு பெரிய பணியை நடத்துவதற்கு வேறு வழி எளிதில்லை. நூல்கள் வாங்க வகையற்ற மாணவனும் கட்டணமின்றித் தேடிப் படிக்கிறான் என்றால், அச் செலவை விளம்பரம் தந்தவர் ஏற்றிருக்கிறார். இந்த நன்மையை மறைப்பது நேர்மையன்று.

வரிசை எப்படி அமைகிறது

கூகுள் ஏலத்தில் தொகை மட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. விளம்பரத்தை மக்கள் சொடுக்கக்கூடிய வாய்ப்பு, தேடிய சொல்லுக்கு அது பொருந்தும் அளவு, போய்ச் சேரும் பக்கத்தின் தரம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு தர மதிப்பெண் கணிக்கப்படுகிறது. கேட்ட தொகையை அதனால் பெருக்கி வருவதே வரிசைக்கு அடிப்படை. கட்டணமும் கேட்ட தொகை முழுவதும் அன்று. தனக்குக் கீழே உள்ளவரை மிஞ்சுவதற்குப் போதுமான அளவே.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று வணிகர்கள் ஒரே சொல்லுக்குப் போட்டியிடுகிறார்கள் என்று கொள்வோம். முதல்வர் 30 ரூபாய் கேட்கிறார், அவருடைய தரம் 2, பெருக்கினால் 60. இரண்டாமவர் 20 ரூபாய் கேட்கிறார், தரம் 4, பெருக்கினால் 80. மூன்றாமவர் 10 ரூபாய், தரம் 5, பெருக்கினால் 50. முதலிடம் 20 ரூபாய் கேட்டவருக்கே. அவர் 60-ஐ மிஞ்சினால் போதும். 60-ஐத் தம் தரமாகிய 4-ஆல் வகுத்தால் 15. எனவே ஒரு சொடுக்குக்கு ஏறத்தாழ 15 ரூபாய் செலுத்துகிறார். 30 ரூபாய் கேட்டவர் இரண்டாம் இடத்தில் நின்று, 50-ஐ 2-ஆல் வகுத்து வரும் 25 ரூபாயைச் செலுத்துகிறார். மேலே நிற்பவர் குறைவாகவும் கீழே நிற்பவர் கூடுதலாகவும் கொடுக்கிறார்கள்! பின்னாளில் இக் கணக்கில் எத்தனையோ சேர்க்கைகள் வந்துவிட்டன. எனினும் அடித்தளம் இதுவே.

ஓவர்ச்சரில் தொடக்கத்தில் கேட்ட தொகை முழுவதையும் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் ஒருவரை ஒருவர் சல்லிக்காசு வித்தியாசத்தில் முந்துவதும், விலை உச்சிக்கு ஏறியதும் ஒருவர் விலகித் தொகை சரிவதும், மீண்டும் ஏறுவதுமாக ஏலம் ரம்பப் பற்களைப் போல ஓயாது ஆடிக்கொண்டிருந்தது. அடுத்தவரை மிஞ்சும் அளவே கட்டணம் என்ற முறை அந்த அலைச்சலைத் தணித்தது. தரத்தையும் எடைபோட்டது, பணம் மட்டும் பேசிய இடத்தில் பொருத்தத்துக்கும் ஒரு குரல் கொடுத்தது. இவ்வளவும் பாராட்டத் தக்கவையே.

மார்க்கம் ஏலத்தை வெறுக்கவில்லை

உதவி கேட்டு வந்த ஓர் ஏழை அன்சாரித் தோழரின் வீட்டிலிருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் வரவழைத்து, அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூடியிருந்தோரிடம் ஏலம் கூறி விற்ற நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார்; அதைவிட யார் தருவார் என்று வினவப்பட்டதும் வேறொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றார். 'முஸாயதா' எனப்படும் ஏல விற்பனை ஆகுமானது என்பதற்குச் சட்ட அறிஞர்கள் இதைச் சான்றாகக் கொள்கின்றனர். எனவே ஏலம் என்னும் முறையில் குற்றமில்லை. என்ன பொருள் ஏலத்துக்கு வந்தது, ஏலத்தில் நின்றவர்களுக்கு உண்மை தெரிந்திருந்ததா என்பவையே வினாக்கள்.

கூஃபா நகரம் எழுந்தபோது, அங்காடியும் பள்ளிவாசலைப் போன்றதே, ஓர் இடத்துக்கு முந்தி வந்தவர் தம் வணிகம் முடித்து எழும்வரை அவ்விடம் அவருக்குரியது என்று உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ கூறுகிறார். அங்கே இடம் பணத்துக்கு அன்று, முந்தி வந்த உழைப்புக்கு. ஆனால் இதை வைத்து, பணத்துக்கு இடம் தருவதே பாவம் என்று தீர்ப்பளித்துவிடலாகாது. முந்தி வந்தவருக்கே என்றும் முதலிடம் என்றால், இன்று கடை திறந்த ஏழை வணிகன் என்றைக்குத்தான் கண்ணில் படுவான்? நெடுங்காலம் வேரூன்றிய பெருங்கடைகளுக்கு நடுவே, தன்னாலான சிறு தொகையைக் கொடுத்துத் தன் பெயரையும் ஒருநாள் மேலே காட்ட இந்த ஏலம் வழி செய்கிறது.

இடம் பேசத் தொடங்கும்போது

ஆயினும் தேடுபொறியின் முதலிடம் மூலைக் கடையைப் போல வாய்மூடி நிற்பதில்லை. அது பேசுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நன்கு காட்டிற்று. மாணவர்களுக்குக் கூகுள் தந்த விடை வரிசையை, அவர்கள் அறியாமல் சிலருக்குத் தலைகீழாக மாற்றி வைத்தனர். கண்ணின் அசைவையும் கருவி கொண்டு கவனித்தனர். பொருத்தம் குறைந்த விடைகள் மேலே வந்தபோதும் மாணவர்கள் மேலே இருந்தவற்றையே பெரிதும் நாடினர். கண்ணெதிரே கிடந்த சுருக்கக் குறிப்பைக் காட்டிலும் வரிசையின் மீது அவர்கள் வைத்த நம்பிக்கை வலிமையாக இருந்தது. அந்த ஆய்வு விளம்பரத்தைப் பற்றியதன்று, இயல்பான விடைகளைப் பற்றியது. ஆனால் நம் வினாவுக்கு வேண்டிய உண்மை அதில் உண்டு: மேலே இருப்பது என்பதே, இது சிறந்தது என்று சொல்லும் சாட்சியமாகக் கொள்ளப்படுகிறது.

அந்தச் சாட்சியத்தின் அருகில்தான் விற்கப்பட்ட இடமும் இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு குறிப்புச் சொல். 2002 ஜூனில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தேடுபொறி நிறுவனங்களுக்கு எழுதிய கடிதத்தில், பணத்துக்கு வைத்த விடைகளை மற்றவற்றிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2013-இல் மீண்டும் எழுதி, அந்த வேற்றுமை வரவர மங்கி வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டது. கூகுளில் ஒரு காலத்தில் விளம்பரங்களுக்குத் தனி நிறத்தில் அடிப்புலம் இருந்தது. பின்பு அது போய் மஞ்சள் நிறச் சிறு சீட்டு வந்தது. 2016-இல் அது பச்சையாயிற்று. 2020-இன் தொடக்கத்தில் கணினித் திரையில் கறுப்பு எழுத்தாயிற்று. 2022-இல் விளம்பரம் என உணர்த்தும் சொல் சற்று விளக்கமாகத் தனி வரியில் வைக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் கணினித் திரையின் வலப்பக்க விளம்பரங்கள் நீக்கப்பட்டு, வணிகச் சொற்களுக்கு நான்கு வரை விளம்பரங்கள் தலைப்பிலேயே இடம் பெற்றன. ஓரத்தில் நின்றது, விடை நிற்கும் நிரலுக்கே வந்தது.

இங்கே ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. அங்காடியில் தானியக் குவியல் ஒன்றினுள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். உள்ளே ஈரம் தட்டிற்று. மழை நனைத்துவிட்டது என்றான் வணிகன். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுவோன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். அவன் பொய் எதுவும் பேசவில்லை. விலையிலும் எடையிலும் குறை வைக்கவில்லை. குவியலின் மேற்புறம் உட்புறத்துக்குச் சாட்சி என்று மக்கள் கொள்ளும் இயல்பைப் பயன்படுத்திக்கொண்டான், அவ்வளவே. அதுவே மோசடி எனப்பட்டது.

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்ற இடத்தில் அதற்கான கொடி பறந்ததைக் குறிக்கிறது. கொடியும் விளம்பரம்தான். ஆனால் அது கடையின் கொடி என்பதைக் கண்டவர் அறிவர். அதை அரசனின் ஆணை என்று யாரும் மயங்கவில்லை. விளம்பரம் தன்னை விளம்பரம் என்று உரக்கச் சொல்லும்வரை அது கொடி. தன்னைத் தீர்ப்புப் போலக் காட்டிக்கொள்ளும்போது அது சாட்சி. காசு பெற்ற சாட்சி. கோடூ தொகையையே அச்சிட்டுக் காட்டியதைக் கண்டு முகஞ்சுளித்தோம் அல்லவா? வெட்கமற்றது போலத் தோன்றிய அந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது.

அதிகம் கொடுக்க வல்லவர் யார்?

ஏலத்தை ஆதரிப்போர் ஒரு வலிய வாதம் வைப்பர். தேடுகிறவருக்கு எவர் மிகுதியாகப் பயன்படுவாரோ, அவருக்கே அச் சொடுக்கினால் மிகுந்த வருவாய் வரும். ஆகவே அவரே மிகுதியாகக் கேட்க முடியும். ஏலம் நல்லவரைத் தானே மேலே கொண்டுவந்துவிடும் என்பர். பல சரக்குகளில் இது மெய்யே. செருப்பு வாங்குகிறவர் தரத்தை அறிவார். ஏமாற்றிய கடைக்கு மறுமுறை போகார்.

ஆனால் ஒருவரிடமிருந்து மிகுதியாக ஈட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. மிகுதியாகப் பயன்படுவது ஒன்று. மிகுதியாகக் கறப்பது மற்றொன்று. ஏலக்காரரின் காதில் இரண்டும் ஒரே தொகையாகத்தான் விழும். போதைப் பழக்கத்திலிருந்து மீள வழி தேடிய அமெரிக்கக் குடும்பங்களின் துயரம் இதற்குச் சான்று. மகனை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நள்ளிரவில் மறுவாழ்வு இல்லம் தேடிய பெற்றோருக்கு, அச் சொற்களுக்கு மிக உயர்ந்த விலை கொடுத்தவர்கள் மேலே தெரிந்தனர். அவர்களுள் நோயாளியைப் பிடித்துக் கொடுத்துத் தரகு பெறுவோரும், காப்பீட்டுப் பணத்தைக் கறப்பதே நோக்கமாகக் கொண்டோரும் இருந்தனர். இது வெளிச்சத்துக்கு வந்தபின் 2017 செப்டம்பரில் கூகுள் அச் சொற்களுக்கான விளம்பரங்களைக் கட்டுப்படுத்தியது. 2018-இல் வெளி அமைப்பொன்றின் தகுதிச் சான்று பெற்ற இல்லங்களுக்கு மட்டும் வழி திறந்தது.

நோயாளியும் கடனாளியும் வழக்கில் சிக்கியவரும் தேடும்போது, பொருளின் தரத்தை எடைபோடும் நிலையில் அவர்கள் இல்லை. மறுமுறை வேறு கடைக்குப் போகலாம் என்பதும் அவர்களுக்கு இல்லை. அத்தகைய இடங்களில், தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு இடத்தைத் தருவது, எவருடைய கையில் கூரிய கத்தி இருக்கிறதோ அவரிடமே ஆட்டை ஒப்படைப்பதாகும். மாவர்தீ (ரஹ்) போன்றோர் விவரித்த 'முஹ்தஸிப்' என்னும் அங்காடிக் கண்காணிப்பாளரின் வேலையை அங்கே யாராவது செய்தாக வேண்டும். சந்தையை நடத்துபவரே அதைச் செய்தார் என்பது நன்று. துன்பம் வெளியான பிறகே செய்தார் என்பது வருந்தத் தக்கது.

மறைவான கை

வாங்கும் எண்ணமின்றி, பிறரை ஏற்றிவிடுவதற்காக ஏலத்தில் விலை கூட்டுவதை 'நஜ்ஷ்' என்பர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கூற்றுப்படி அவ்வாறு நடந்த விற்பனை செல்லும், செய்தவர் பாவியாவார். விற்பவர் அறிந்தே அது நடந்திருந்தால் வாங்கியவர் முறித்துக்கொள்ளலாம் என்பது மாலிகீ அறிஞர்களின் கருத்து. இரு சாராரும் தடையின் காரணத்தில் ஒன்றுபடுகின்றனர்: தன்னோடு போட்டியிடுவோரின் உண்மையான விருப்பமே விலையை ஏற்றியது என்று வாங்குபவர் நம்புகிறார், அந் நம்பிக்கை பொய்யாக்கப்படுகிறது.

2024 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டன் மத்திய நீதிமன்ற நீதிபதி அமித் மேத்தா அளித்த தீர்ப்பு, கூகுள் தேடலிலும் தேடல் எழுத்து விளம்பரங்களிலும் சட்டத்துக்கு மாறாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று கூறிற்று. ஏலத்தின் உட்கணக்கை மாற்றி விளம்பர விலையை அந் நிறுவனம் உயர்த்தி வந்ததையும், ஏலத்தில் இயல்பாக நிகழும் ஏற்ற இறக்கம் என்றே விளம்பரதாரர் கருதும்படி அவ்வுயர்வைச் சிறிது சிறிதாகச் செய்ததையும் அத் தீர்ப்பு விவரிக்கிறது. இதை நேரே நஜ்ஷ் என்று பெயரிட முடியாது. இங்கே பொய்யாகக் கேட்ட மூன்றாம் ஆள் இல்லை. இந்த விலைக்குக் குறைந்தால் விற்கமாட்டேன் என்று சொல்ல விற்பவருக்கு உரிமையும் உண்டு. ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்வது வேறு. போட்டியாளர்தாம் ஏற்றினார்கள் என்று எண்ணவிட்டுச் செய்வது வேறு. பெயர் மாறினாலும் தடையின் காரணம் இங்கே உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இப்போது பெரும்பாலான வணிகர்கள் தாமே தொகை கேட்பதில்லை. ஒரு விற்பனைக்கு இவ்வளவு செலவாகலாம் என்று இலக்கையோ, மொத்தச் செலவையோ குறித்துவிட்டு, ஒவ்வோர் ஏலத்திலும் எவ்வளவு கேட்பது என்பதைக் கூகுளின் தானியங்கி முறையிடமே விட்டுவிடுகிறார்கள். அது கணத்துக்குக் கணம் கணக்கிடுவதில் மனிதரை மிஞ்சலாம். ஆனால் நம் சட்டநூல்களில் வகாலத் என்னும் முகவாண்மைப் பாடத்தைப் படித்தவர்க்கு ஓர் ஐயம் எழாமலிராது. விற்கும்படி அமர்த்தப்பட்ட வகீல் அப் பொருளைத் தனக்கே விற்றுக்கொள்ளலாகாது என்று இமாம்கள் தடுத்தனர். உடையவருக்கு நல்ல விலை தேடும் கடமையும், தனக்கு மலிவு தேடும் ஆசையும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியாது என்பதே காரணம். இங்கே ஏலம் நடத்துபவரும், அதில் எனக்காகக் கேட்பவரும், தொகையைப் பெற்றுக்கொள்பவரும் ஒருவரே. அவர் துரோகம் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. துரோகம் இல்லை என்று நான் அறிந்துகொள்ள வழி வைக்கப்படவில்லை என்கிறேன். அமானத்துக்குக் கணக்குக் காட்டுதலே அழகு.

ஒருவர் பெயரை ஒருவர் கேட்பது

ஒரு கடையின் பெயரையே எழுதித் தேடுகிறவர் முன்பு, வேறொரு கடை பணம் கொடுத்து வந்து நிற்கலாமா? ஐரோப்பிய நீதிமன்றம் 2010 மார்ச் 23 அன்று, பிறர் வணிகப் பெயரை விளம்பரச் சொல்லாக விற்பதனால் மட்டும் தேடுபொறி குற்றமிழைத்ததாகாது என்றது. ஆனால் விளம்பரத்தைக் காண்பவர் இது யாருடைய சரக்கு என்று அறிய முடியாமல் மயங்கினால், விளம்பரம் தந்தவர் மீது பெயருக்குரியவர் தடை கோரலாம் என்றும் கூறியது.

நம் மரபில், சகோதரன் விலை பேசும்போது அதன்மேல் விலை பேசுவது தடுக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஏலம் மட்டும் எப்படி ஆகுமாயிற்று? ஏலத்தில் விற்பவரின் மனம் இன்னும் ஒருவர் பக்கம் சாயவில்லை. சாய்ந்தபின் குறுக்கிடுவதே தடை என்று அறிஞர்கள் வேறுபாடு கண்டனர். இந்த நுட்பத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'அத்தர்' என்று தேடுகிறவரின் மனம் எவர் பக்கமும் சாயவில்லை. அங்கே அனைவரும் குரல் கொடுக்கலாம். ஒரு கடையின் பெயரைச் சொல்லித் தேடுகிறவர் ஏற்கெனவே சாய்ந்துவிட்டார். பேரம் முடியவில்லையாதலால் அவரை இடைமறிப்பது முழு விலக்கு என்று துணிந்து சொல்ல மாட்டேன். ஆனால் பேணுதலுள்ள வணிகர் அதைத் தவிர்ப்பார். தன் பெயரைச் சொல்லி வருபவரைத் தன்னிடம் சேர்ப்பதற்குக் கடைக்காரர் தானே சுங்கம் கட்ட நேர்கிறது என்றால், அதில் யாருக்கு என்ன பயன் விளைந்தது?

உண்மையில் பயன் மிகக் குறைவு என்பதை ஈபே நிறுவனத்தின் சோதனை காட்டிற்று. 2012 மார்ச்சில் அந் நிறுவனம் தன் பெயரைக் கொண்ட சொற்களுக்கு யாஹூவிலும் மைக்ரோசாஃப்ட் தேடுபொறியிலும் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. போகுமென அஞ்சிய சொடுக்குகளில் 99.5 விழுக்காடு, கட்டணமில்லாத இயல்பான விடைகளின் வழியாகவே வந்து சேர்ந்தன. பிளேக், நோஸ்கோ, டடெலிஸ் ஆகிய மூவர் 2015-இல் வெளியிட்ட அவ் ஆய்வு, பொதுச் சொற்களில் வைத்த விளம்பரம் புதியவர்களையும் அரிதாக வருவோரையும் அழைத்து வந்தது என்றும், செலவில் பெரும்பகுதியோ எப்படியும் வந்திருக்கக் கூடிய பழைய வாடிக்கையாளருக்கே போயிற்று என்றும் கண்டது. விளம்பரத்தின் நியாயமான பணி அறியாதவருக்கு அறிவிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

வணிகரின் நெஞ்சுக்கு ஒரு கணக்கு

சந்தை நடத்துபவரை மட்டும் கேள்வி கேட்டு, ஏலத்தில் நிற்கும் வணிகரை விட்டுவிடுவது நீதியாகாது. முதலிடத்தின் மீது அவருக்குள்ள வேட்கை எப்போதும் வாணிபக் கணக்கிலிருந்து பிறப்பதில்லை. எதிர்க்கடைக்காரரை விட மேலே தெரிய வேண்டும் என்னும் பெருமிதமும் அதில் கலந்திருக்கிறது.

ஒரு சொடுக்கின் விலை முதலிடத்தில் 12 ரூபாய், மூன்றாம் இடத்தில் 6 ரூபாய் என்று கொள்வோம். முதலிடத்தில் 200 பேரும் மூன்றாம் இடத்தில் 100 பேரும் சொடுக்குகிறார்கள். 20 பேரில் ஒருவர் வாங்குகிறார். ஒரு விற்பனையில் இலாபம் 300 ரூபாய். முதலிடத்தில் செலவு 2,400, வரவு 3,000, மிச்சம் 600. மூன்றாம் இடத்தில் செலவு 600, வரவு 1,500, மிச்சம் 900. முதலிடத்திலும் இலாபம் வருவதனால் வணிகர் மகிழ்ந்துபோகிறார். ஆனால் மேலே ஏறியதனால் கிடைத்த கூடுதல் 100 பேருக்காக அவர் 1,800 ரூபாய், அதாவது ஆளுக்கு 18 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஒருவரால் வரும் சராசரி வரவோ 15 ரூபாய்தான். அந்த மூன்று ரூபாய் நட்டம் பெருமிதத்துக்குக் கட்டிய வரி.

மேலே நின்றால் வருகிறவர்களில் வாங்குவோர் விகிதமும் கூடுமே என்று கேட்கலாம். கூகுளின் தலைமைப் பொருளியலறிஞராக இருந்த ஹால் வேரியன் 2009-இல் தெரிவித்தது வேறு: ஒரே விளம்பரம் எந்த இடத்தில் நின்றாலும் வாங்குவோர் விகிதம் 5 விழுக்காட்டுக்கு மேல் மாறுவதில்லை. இது விற்பவர் வீட்டிலிருந்தே வந்த சாட்சியம். அகர்வால், ஹோசனகர், ஸ்மித் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே சென்று, தாங்கள் ஆராய்ந்த விளம்பரங்களில் கீழே போகப் போகச் சொடுக்குவோர் குறைந்தாலும் அவர்களுள் வாங்குவோர் விகிதம் கூடியது என்றும், முதலிடமே மிகுந்த இலாபம் தரும் என்பது உறுதியில்லை என்றும் காட்டியது. மேலே இருப்பதைக் கண்ணை மூடிச் சொடுக்குபவர் பலர். கீழேவரை படித்து இறங்கி வருபவர் வாங்கத் துணிந்தவர்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் வணிக ஒழுக்கத்தை விளக்கும்போது, இல்லாத சிறப்பைச் சரக்குக்குச் சொல்லலாகாது, உள்ள குறையை மறைக்கலாகாது என்று விதித்தார்கள். இடத்துக்கும் அது பொருந்தும். தன் சரக்குக்கு இல்லாத சிறப்பை, தான் நிற்கும் இடம் தன் சார்பில் சொல்லிவிடுகிறது என்று அறிந்தும் அதைப் பயன்படுத்திக்கொள்பவர், நாவால் பொய் சொல்லாவிட்டாலும் பொய்யின் கூலியை உண்கிறார். வரிசையில் எங்கே நின்றாலும், வந்தவருக்கு அங்கே சொன்னதை இங்கே தருபவர் தம் இடத்தைத் தூய்மையாக்கிக்கொள்கிறார்.

முதலிடத்தின் வலிமையை, அதை விற்பவரைவிட அறிந்தவர் யாருமில்லை. கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தானே முதல் தேடுபொறியாக அமைந்திருப்பதற்காகக் கூகுள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்று மேற்சொன்ன வழக்கில் வெளியாயிற்று. மனிதன் முதலில் கண்டதையே பற்றிக்கொள்கிறான் என்னும் பலவீனத்துக்கு இட்ட விலை அது. பிறர் பலவீனம் நம் கையில் வந்து சேரும்போது அது சரக்கன்று, அமானத்.

ஆகவே நம் வினாவுக்கு விடை இது: இடத்தை விற்கலாம், சாட்சியத்தை விற்கலாகாது. தேடுபொறியின் முதலிடத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. பிரித்துக் காட்டும் சொல் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கும் அளவுக்கு அது வாடகை. அச் சொல் மங்கும் அளவுக்கு அது கைக்கூலி. விலை எப்படி ஏறிற்று என்று ஏலத்தில் நிற்பவர் அறியும் அளவுக்கு அது முஸாயதா; அறியாத அளவுக்கு நஜ்ஷின் நிழல் அதன்மேல் விழுகிறது. பொய்ச் சாட்சியத்தைப் பெரும் பாவங்களுள் ஒன்றாக எண்ணிக் கூறும்போது, சாய்ந்திருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து அதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. காசு பெற்ற வரிசைக்கு நாவில்லை என்று நாம் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. நாவில்லாதவையும் சாட்சி சொல்லும் நாள் ஒன்று உண்டென்று நம்புகிறவர்கள் நாம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.